பௌர்ணமி தோறும் குறைந்த கல்லா

பௌர்ணமி இரவில் கிரிவலம் வருவோருக்காகத் திருவண்ணாமலையில் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். அவர்களுக்குச் சரக்குக் கொடுக்க எங்கள் மண்டியும் திறந்திருக்கும். நள்ளிரவு 12 மணிக்குக் கல்லாவை எண்ணிப் பெட்டியில் வைத்துவிட்டுப் புது நாள் கணக்கைத் தொடங்குவது என் தகப்பனார் காலத்து வழக்கம்.

கம்ப்யூட்டர் பில் வந்தபின் ஒரு விசித்திரம். மற்ற நாட்களில் கணக்கு காசு பிசகாது. பௌர்ணமியன்று மட்டும், மறுநாள் காலையில் எடுக்கும் விற்பனைப் பட்டியலைவிடக் கல்லாப் பணம் குறையும். கல்லாப் பையன் மீது சந்தேகம் விழுந்தது. வாய்வரை வந்த வார்த்தையை அடக்கிக்கொண்டு பில்களைக் கையால் கூட்டினேன். குறைந்த தொகையும், நள்ளிரவுக்குப் பின் போட்ட பில்களின் தொகையும் ஒன்றே! மறுநாள் கணக்கில் அதே தொகை மிஞ்சியிருந்தது. குறைவைத் தேடிய கண்ணுக்கு அது படவில்லை.

காரணம் இதுதான். அந்த மென்பொருள் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் பில்லைப் பதிகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நமக்கு நள்ளிரவு என்றால் அங்கே முந்தின நாள் மாலை 6.30. ஆக, கம்ப்யூட்டருக்கு நாள் மாறுவது நம் விடியற்காலை 5.30க்கு! மார்ச் 31 நள்ளிரவில் இது நடந்தால் புது நிதியாண்டு விற்பனை பழைய ஆண்டில் விழும், ஜி.எஸ்.டி. கணக்கும் கெடும்.

பொது நேரத்தில் பதிவது தவறல்ல. நாள் பிரிக்குமுன் இந்திய நேரத்துக்கு மாற்றாததே தவறு. மென்பொருள்காரரிடம் அதைச் செய்யச் சொல்லுங்கள். பழைய பதிவுகளில் ஐந்தரை மணியைக் கூட்டிவிட வேண்டாம், பிழை இரட்டிப்பாகும். சரிசெய்தபின் இரவு 12.15க்கு ஒரு சோதனை பில் போட்டு, எந்தத் தேதியில் விழுகிறது என்று பாருங்கள்.

வெளிநாட்டு வியாபாரம் உள்ளவர்கள் மணி வித்தியாசத்தை நிரந்தரமாக எழுதி வைக்கக் கூடாது. நம் நேரத்தையே வைத்திருந்த இலங்கை, மின்பற்றாக்குறையால் 1996 மே மாதம் ஒரு மணி முன்னே நகர்த்தியது. அக்டோபரில் அரைமணி குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் நம் நேரத்துக்குத் திரும்பியது. லண்டனில் ஆண்டுக்கு இருமுறை நேரம் மாறுகிறது. ஊர்ப்பெயரைக் கொடுத்தால், அந்தந்தத் தேதிக்குரிய நேரத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்; அதிலுள்ள நேரப் பட்டியலை மட்டும் புதுப்பித்து வர வேண்டும்.

கணக்கு பிசகினால் ஆளைச் சந்தேகிக்குமுன் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள். அந்தப் பையன் இன்றும் எங்கள் கல்லாவில்தான் இருக்கிறான்.