உங்களுக்குத் தெரியுமா? கென்யா போகக் கிண்டியில் ஓர் ஊசி

தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறினால் கிண்டி. அங்கே 1899இல் தொடங்கப்பட்ட கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடுகிறார்கள். கென்யா, நைஜீரியா போகிறவர்கள் பலர் நோய்க்குப் பயந்து அல்ல, ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டைக்காகவே வருகிறார்கள். கடைசி நேரத்தில் ஓடி வந்தால் பயனில்லை. ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும்.

அட்டையில்லாமல் அந்நாடுகளிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வந்திறங்கினால் 6 நாள்வரை தனிமைப்படுத்தலாம். இந்தியாவில் இந்நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு இருக்கிறது. நம் மொட்டைமாடித் தொட்டியில் வளர்ந்து டெங்கு பரப்பும் அதே ஏடிஸ்தான்.

மலேரியாவுக்கு யாரும் அட்டை கேட்பதில்லை. அதனாலேயே தடுப்பு மாத்திரையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆப்பிரிக்கா போய்வருபவர்களை மஞ்சள் காய்ச்சலைவிட அதிகம் தாக்குவது மலேரியாதான்.