ஒரே பெருக்கி, பல குரல்கள்

மும்பையின் மாதுங்காவிலோ தில்லியின் கரோல்பாகிலோ நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் கூடத்தில், ஆம்ப்ளிஃபயர் என்னும் கனத்த பெட்டியை இன்றும் காணலாம். தாத்தா வாங்கிய இசைத்தட்டுகள், அப்பா சேர்த்த ஒலிநாடாக்கள், குறுந்தகடுகள், பிள்ளைகளின் கைப்பேசி ஆகிய அனைத்தும் அந்த ஒரு பெட்டியின் வழியாகவே பாடுகின்றன. தமிழில் அதனைப் பெருக்கி என்பர்.

பெருக்கி தானாக எந்த ஒலியையும் உண்டாக்குவதில்லை. பிற கருவிகளிலிருந்து வரும் மெல்லிய மின்சைகையை வலிமையாக்கி, ஸ்பீக்கர்களை இயக்குவதே அதன் தொழில். மின்சைகை என்பது ஒலியின் ஏற்ற இறக்கங்களுக்கு ஏற்ப ஏறி இறங்கும் மின்னழுத்தம் ஆகும்.

பெருக்கியின் பின்புறத்தில் இணை இணையாகத் துளைகள் உள்ளன. சிவப்பு நிறம் வலப்பக்க ஒலிக்கும், வெள்ளை நிறம் இடப்பக்க ஒலிக்கும் உரியவை. ஒவ்வோர் இணையின் மேலும் போனோ, டியூனர், சிடி, ஆக்ஸ், டேப் என ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் டியூனர், சிடி, ஆக்ஸ் ஆகிய மூன்றும் பெயரில் வேறுபட்டாலும் தன்மையில் ஒன்றே. சிடி துளையில் வானொலியைச் செருகினாலும் கேடில்லை. கைப்பேசிக்கு ஆக்ஸ் துளை ஏற்றது. ஆனால் போனோ அவற்றோடு சேராது.

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் ஊசி உண்டாக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிவோல்ட் அளவே இருக்கும். குறுந்தகட்டுக் கருவியோ 2 வோல்ட் வரை தருகிறது. ஏறக்குறைய 400 மடங்கு வேறுபாடு! அதனால் போனோ துளைக்குப் பின்னால் கூடுதலாக ஒரு சிறு பெருக்கியை அமைத்திருக்கிறார்கள். அதற்கு இன்னொரு பணியும் உண்டு. இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். அவ்வாறு செய்யாவிடில், மிருதங்கத்தின் ஆழ்ந்த முழக்கம் ஊசியை அளவுக்கு மீறி அலைக்கழிக்கும். பள்ளமும் அகன்று, தட்டில் அடங்கும் பாட்டின் நேரம் குறையும். கூட்டிய உயர் ஒலியைக் குறைத்து, குறைத்த தாழ் ஒலியைக் கூட்டி, இசையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது போனோ பகுதியே.

இதனை அறியாமல் சுழலியை ஆக்ஸில் செருகினால், தொலைவில் யாரோ முணுமுணுப்பது போன்ற உயிரற்ற ஒலியே கேட்கும். அதனால் இழப்பு ஒன்றுமில்லை. குறுந்தகட்டுக் கருவியைப் போனோவில் செருகுவதுதான் ஆபத்து. அளவுக்கு மீறிய சைகை சிதைந்து, பெரும் இரைச்சலாக வெளிப்படும், ஸ்பீக்கரும் பழுதாகலாம். புதிய சுழலிகள் சிலவற்றில் அந்தச் சிறு பெருக்கி உள்ளேயே இருக்கிறது. அதனை இயக்கினால் ஆக்ஸ் துளையே போதும். சுழலியோடு மெல்லிய கம்பி ஒன்று தனியே வருமானால், அதனைப் பெருக்கியின் பின்புறத் தரைத் திருகில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பாட்டோடு வண்டின் ரீங்காரமும் கேட்கக்கூடும்.

முன்புறத்தில் உள்ள தேர்வுக் குமிழ், எந்தக் கருவியின் குரல் வெளிவர வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. அதனைத் திருப்புமுன் ஒலியளவைக் குறைத்தல் நன்று. மெல்லிய ஒலிக்காகக் கூட்டிவைத்த அளவில் வலிய சைகை புகுந்தால், ஸ்பீக்கருக்கும் காதுக்கும் அதிர்ச்சிதான். கருவிகளை முதலிலும் பெருக்கியைக் கடைசியிலும் இயக்க வேண்டும். அணைக்கும்போது பெருக்கியையே முதலில் அணைக்க வேண்டும்.

டேப் மானிட்டர் என்னும் பொத்தான் பலரை ஏமாற்றியிருக்கிறது. அது அழுத்தப்பட்டிருந்தால் ஒலிநாடாவைத் தவிர வேறெதுவும் கேட்காது. பெருக்கி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் இந்தப் பொத்தானை ஒருமுறை பார்த்துவிடலாம்.

ஒலிநாடாப் பேழை 1963இல் அறிமுகமானது. அதில் பாட்டு மட்டும் பதிவாகவில்லை. தொலைபேசி அரிதாக இருந்த நாள்களில், ஊரிலிருந்த பாட்டி பேசி அனுப்பிய குரலும் சில வீடுகளில் நாடாவில் உறங்குகிறது. பாட்டு கடையில் மீண்டும் கிடைக்கலாம். பாட்டியின் குரல் கிடைக்காது. பேழையின் பின்விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை ஒடித்துவிட்டால் பதிவுப் பொத்தான் இயங்காது. கை தவறியும் அக்குரல் அழியாது.

அதனைக் கணினியில் படியெடுக்கவும் இதே பெருக்கி உதவும். ஒலிநாடாக் கருவியை ஆக்ஸ் துளையில் இணைத்து, தேர்வுக் குமிழை ஆக்ஸுக்குத் திருப்ப வேண்டும். ரெக் அவுட் எனப் பொறித்த துளையிலிருந்து கணினியின் லைன் இன் துளைக்குக் கம்பி செல்ல வேண்டும். அந்தச் சைகை ஒலியளவுக் குமிழுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. ஆகவே வீட்டார் உறங்கும் நேரத்தில் ஒலியளவை முற்றிலும் குறைத்துவிட்டாலும், பாட்டியின் குரல் குறையாமல் கணினியில் பதிவாகிக்கொண்டிருக்கும்.