மாண்டவர் நாற்காலிக்கு ஒரு தேர்தல்!

ஈரான் தேசத்தில் ஒரு விசித்திரமான சபை உண்டு. அதன் பெயர் நிபுணர் சபை. உறுப்பினர்கள் 88 பேர். அத்தனை பேரும் இஸ்லாமிய மத குருமார்கள்!

இவர்களை 8 ஆண்டுகளுக்கு ஒரு முறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்களுடைய வேலை என்ன? நாட்டின் உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது. அவர் தகுதி இழந்தால், பதவியில் இருந்து நீக்குவது.

ஒரே நாளில் முடிவு

1989 ஜூன் 3-ந் தேதி தலைவர் கொமேனி காலமானார். மறுநாளே சபை கூடியது. அலி காமெனியைப் புதிய தலைவர் ஆக்கியது. அந்த வேளை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தாலும் அது சின்ன விஷயம் அல்ல.

ஆனால், உறுப்பினர்களில் பலர் முதியவர்கள். ஒருவர் இறந்தால் இடம் காலி. உடனே இடைத்தேர்தல் வருவது இல்லை. நாட்டில் வேறு தேர்தல் நடக்கும்போது, அத்துடன் சேர்த்து நடத்துகிறார்கள்.

முதலில் சல்லடை

நிற்க விரும்புகிறவர் மத சாஸ்திரத்தில் தேர்ந்தவராக இருக்க வேண்டும். அதற்குப் பரீட்சையும் உண்டு. பாதுகாவலர் சபை என்ற 12 பேர் கொண்ட குழு சம்மதித்தால்தான் போட்டியிட முடியும். 2016-ல் சுமார் 800 பேர் மனுப் போட்டார்கள். பெரும்பாலோர் தள்ளப்பட்டார்கள். கொமேனியின் பேரனுக்கே அனுமதி இல்லை! மனுப் போட்ட பெண்களில் ஒருவருக்குக்கூட அனுமதி கிடைக்கவில்லை.

சல்லடையில் தப்பியவர்களுக்குத்தான் மக்கள் ஓட்டு. வாக்காளர்கள் தாங்கள் விரும்பும் வேட்பாளரின் பெயரைச் சீட்டில் தங்கள் கையாலேயே எழுதிப் போடுவது அங்கே வழக்கம்.

தோற்றவர் வந்தார்

2016-ல் தலைநகர் டெஹ்ரானில் 16 இடங்கள். முன்னாள் ஜனாதிபதி ரப்சஞ்சானி முதலிடம் பெற்றார். அவருக்கு எதிர்க் கருத்துள்ள மூத்த குரு மெஸ்பா யஸ்தி தோற்றார்.

காலம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 2017 ஜனவரியில் ரப்சஞ்சானி காலமானார். 2020 பிப்ரவரி 21-ந் தேதி, பார்லிமெண்டுத் தேர்தலோடு நிபுணர் சபைக்கும் இடைத்தேர்தல் நடந்தது. டெஹ்ரான் கைவிட்ட மெஸ்பா யஸ்தி, இந்தத் தடவை கொராசான் ரசாவி மாகாணத்தில் நின்றார். ஜெயித்தார்!

அந்த வெற்றி ஓர் ஆண்டு கூட நிலைக்கவில்லை. 2021 ஜனவரி 1-ந் தேதி, 85-வது வயதில் அவரும் காலமானார்.

நாற்காலி மறுபடியும் காலி! அந்த ஆண்டு ஜூன் 18-ந் தேதி, ஜனாதிபதித் தேர்தலோடு இன்னும் ஒரு இடைத்தேர்தல் வந்தது.