முதிரும் மூளை

நுழையும்முன்

2024 சனவரியில், ஐதராபாத்தை அடுத்த கொத்தூரில் பள்ளி மாணவர் சிலர் கஞ்சா கலந்த சாக்லேட்டை உண்டது தெரியவந்தது. இனிப்பின் வடிவில் வரும் அந்நஞ்சு வளரும் மூளையை என்ன செய்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மனித மூளை 6 வயதிற்குள் ஏறத்தாழ முழு அளவை எட்டிவிடுகிறது. ஆயினும், அதன் உள்ளமைப்பு ஏறக்குறைய 25 வயது வரை செப்பமடைகிறது. வளரிளம் பருவத்தில், பயன்படாத நரம்பிணைப்புகள் களையப்படுகின்றன, பயன்படுவன வலுப்பெறுகின்றன. உழவர் களைபறித்துப் பயிர் காப்பதைப் போன்றது இது. நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் முன்பகுதி இறுதியாக முதிர்கிறது. திட்டமிடுதல், உணர்ச்சியை அடக்குதல், விளைவறிந்து முடிவெடுத்தல் ஆகியன அதன் பணிகள்.

இவ்வளர்ச்சிக்கு உடலே உண்டாக்கும் சில வேதிப்பொருள்கள் துணைசெய்கின்றன. அவற்றுள் ஒன்றை 1992இல் கண்டறிந்த அறிவியலாளர், ‘ஆனந்தம்’ என்னும் வடசொல்லையொட்டி அதற்கு ‘ஆனந்தமைடு’ எனப் பெயரிட்டனர். நரம்புச் செல்களுக்கிடையே செல்லும் செய்திகளை அது வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் சீராக்குகிறது. கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்னும் பொருளும் அதே ஏற்பிகளில் சென்று பொருந்துகிறது. ஆனால் அது இடமும் அளவும் அறியாது. மடைவழிப் பாயவேண்டிய நீர் கரையுடைத்துப் பாய்ந்தாற்போல, நினைவும் கவனமும் தடுமாறுகின்றன.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்துவந்தனர். 2012இல் வெளிவந்த முடிவின்படி, வளரிளம் பருவத்தில் தொடங்கிப் பல்லாண்டுகள் கஞ்சாவை விடாதோரின் நுண்ணறிவு ஈவு, 38 வயதிற்குள் சராசரியாக 8 புள்ளிகள் வரை குறைந்திருந்தது. வளர்ந்தபின் தொடங்கியோரிடம் அத்தகைய சரிவு இல்லை. இரட்டையரைக் கொண்டு நிகழ்த்திய பிற்கால ஆய்வுகள் சில, குடும்பச் சூழலும் இக்குறைவுக்குக் காரணமாகலாம் என்றன. எனினும், இளமையில் மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கு மனச்சிதைவு போன்ற உளநோய்கள் தோன்றும் வாய்ப்பு மிகுவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

மாணவர்களே! நண்பன் ஒருவன் இப்பழக்கத்தில் சிக்கினால், காட்டிக்கொடுப்பதாகுமோ என அஞ்சி வாளாவிருத்தல் நட்பாகாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணையும் அழைக்கலாம். அவன் குற்றவாளி அல்லன். உதவி வேண்டி நிற்பவன்.

சொற்பொருள்

செப்பமடைதல் – சீர்பெறுதல்
ஏற்பி – வேதிப்பொருள் வந்து பொருந்தும் இடம்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்

சிந்தனை வினா

வளர்ந்தோரைவிட இளையோர்க்குக் கஞ்சா மிகுந்த தீங்கு செய்வது ஏன்? பாடக்கருத்துகளைக் கொண்டு ஐந்து வரிகளில் எழுதுக.