காரைத் தாழ்த்தப் போகிறீர்களா? முதலில் உங்கள் ஊர் வேகத்தடையை அளந்து பாருங்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடியைத் தாண்டித் தெற்கே வந்தால் கோட்டைப்பட்டினம். விசைப்படகுகள் நிற்கும் மீன்பிடித் தளம், தர்கா, கடைவீதி, எந்நேரமும் உப்புக் காற்று. இன்னும் கொஞ்சம் போனால் ஜெகதாப்பட்டினம், மீமிசல், தொண்டி. ஊர் இல்லாத இடத்தில் சாலை நீண்டு கிடக்கும். 'மிதித்துப் பார்' என்று கால் துறுதுறுக்கும். ஊர் வந்துவிட்டால் வேகத்தடை, ஆடு, மாடு, பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாமே குறுக்கே வரும்.

இந்தச் சாலையோரம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த காசில் மகன் ஒரு ஸ்விஃப்ட் வாங்கியிருக்கிறார். லீவுக்கு வந்தவருக்கு ஒரே ஆசை. "டயருக்கும் பாடிக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி எதுக்கு அத்தா? கொஞ்சம் இறக்கிட்டா வண்டி சும்மா ஒட்டிக்கிட்டுப் போகும்" என்கிறார். "நல்லா ஓடுற வண்டியை ஏன்டா இறக்கணும்? உங்க அம்மாவுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி" என்கிறார் தந்தை.

இந்த வாக்குவாதம் இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. ஸ்விஃப்ட், போலோ, ஐ20 போன்ற துடிப்பான சின்ன கார்களை வைத்திருக்கும் இளைஞர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி: 'லோயரிங் ஸ்பிரிங் போடலாமா, காயில்ஓவர் போடலாமா?' பதில், கடையில் இருக்கும் பெட்டியைவிட, நீங்கள் தினமும் போகும் சாலையில்தான் அதிகம் இருக்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருந்தால்தான் டயர் தரையை விடாது.

லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் குட்டையான, கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங். பழைய ஷாக் அப்சார்பரிலேயே மாட்டிவிடலாம். கார் பொதுவாக 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை இறங்கும். எவ்வளவு இறங்குமோ அவ்வளவுதான். பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது.

காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட். அதன் உடம்பில் மரை வெட்டியிருக்கும். அதிலுள்ள வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பல செட்களில் விறைப்பை மாற்றவும் தனியாக ஒரு திருகு உண்டு. விலையில் ஸ்பிரிங் ஆயிரங்களில் முடியும். நல்ல காயில்ஓவர் லட்சத்தை நெருங்கும், தாண்டவும் செய்யும்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்விஃப்ட், போலோ, ஐ20 எல்லாவற்றிலும் முன்பக்கம் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். பின்பக்கம் இரண்டும் தனித்தனி. அதனால் இந்த கார்களுக்கு விற்கும் 'காயில்ஓவர் செட்'டில் பின்பக்கத்துக்குத் தனி ஸ்பிரிங்கும், அதன் உயரத்தை மாற்ற ஒரு திருகும், தனி ஷாக் அப்சார்பரும்தான் வரும். நாலு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி வரும் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

தாழ்த்தினால் என்ன கிடைக்கும்?

கார் தாழ்ந்தால் அதன் எடை மையமும் தாழும். வளைவில் எடை ஒரு பக்கமாகச் சாய்வது குறையும். ஆனால் எவ்வளவு? ஒரு சின்ன காரின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். 3 சென்டிமீட்டர் இறக்கினால் லாபம் சுமார் 5 சதவிகிதம். 'வண்டி அப்படியே ஒட்டிக்கிட்டுப் போகுது' என்று ஓட்டுபவர் உணர்வதில் பெரும்பங்கு, ஸ்பிரிங்கின் விறைப்பால் வருவது. உயரம் குறைந்ததால் வருவது கொஞ்சம்தான்.

அளவுக்கு மீறி இறக்கினால் பலன் தலைகீழாகும். சக்கரம் மேலே ஏறி இறங்க இருந்த இடம் குறைந்துவிடும். சின்னப் பள்ளத்துக்கே ஷாக் அப்சார்பர் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத கதைதான். வளைவில் அப்படி நடந்தால் டயர் பிடிப்பை இழந்து கார் வழுக்கும். வேகமாகப் போக வேண்டும் என்று செய்த செலவு, அந்த வேகத்திலேயே ஆபத்தாகத் திரும்புகிறது.

கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. சுஸுகி 2017-ல் ஜப்பானில் அறிமுகம் செய்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் தரையிலிருந்து 120 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். 2018-ல் இந்தியாவில் வந்த ஸ்விஃப்ட்டுக்கு 163 மில்லிமீட்டர். அந்த 4 சென்டிமீட்டருக்கும் சற்று மேலான வித்தியாசம் நம் சாலைக்காக விடப்பட்ட இடம். தாழ்த்தும்போது நாம் செலவழிப்பது அந்த இடத்தைத்தான்.

வேகத்தடைக் கணக்கு

இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி கட்டிய வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஆமை முதுகு மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர். ஆக, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேரத்தில் வேகத்தடை மேலேயே நிற்கும். கார் வயிற்றுக்கு நேரே துருத்துவது சுமார் நாலரை சென்டிமீட்டர் மட்டுமே. தாழ்த்திய கார்கூடத் தட்டாமல் தாண்டிவிடும்.

ஆனால் தெருமுனைகளில் யாரோ ஜல்லியும் தாரும் கொட்டி எழுப்பிய வேகத்தடைகள் வேறு ரகம். ஒரு முழ அகலத்தில் 12 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் இந்தப் பக்கம் இறங்கிவிடும், பின் சக்கரம் அந்தப் பக்கம் தரையில் நிற்கும். நடுவில் அந்த 12 சென்டிமீட்டரும் கார் வயிற்றைப் பார்த்து நிற்கும்.

இப்போது வீட்டார் ஏறுகிறார்கள். ஆள் எடையில் காரின் நடுப்பகுதி 2 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று கொண்டால், 163 மில்லிமீட்டர் 143 ஆகிவிடும். கம்பெனி ஸ்பிரிங்கில் இன்னும் 2 சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கிறது. மெல்ல ஏறினால் தாண்டிவிடலாம். மூன்றரை சென்டிமீட்டர் தாழ்த்திய காரில் மிஞ்சுவது 108 மில்லிமீட்டர்தான். வயிறு உரசும். அங்கே இருப்பது சைலன்ஸர் குழாயும் எஞ்சின் ஆயில் சம்ப்பும். சம்ப் விரிசல் விட்டு ஆயில் ஒழுகுவது தெரியாமல் ஓட்டினால், செலவு எஞ்சின் வரை போகும்.

காயில்ஓவர் இருந்தால் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். கூட்டலாம்தான். ஆனால் அது பட்டனைத் தட்டும் வேலை இல்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி நாலு பக்கமும் அளந்து திருக வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட். கல்யாணத்துக்குக் கிளம்பும் காலையில் யாரும் அதைச் செய்வதில்லை.

கடலோரத்துக்கு என்று ஒரு கவலை

உள்ளூரில் யோசிக்க வேண்டிய இன்னொன்று உப்பு. கோட்டைப்பட்டினம் மாதிரி ஊர்களில் சைக்கிள் செயின் முதல் வாசல் கிரில் வரை எதையும் காற்று விட்டுவைப்பதில்லை. காயில்ஓவரின் உயிர் அதன் மரையில் இருக்கிறது. அந்த மரை சக்கரத்துக்குப் பக்கத்தில், சேறும் மணலும் உப்பும் அடிக்கும் இடத்தில்தான் இருக்கிறது. எஃகு உடம்பில் அலுமினிய வளையம் இருந்தால், உப்புநீர் பட்டதும் இரண்டும் சீக்கிரம் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிறகு அது திருகாது. லட்சம் கொடுத்து வாங்கியதும் உயரம் மாறாத வெறும் ஸ்பிரிங்காகிவிடும்.

இதற்காகவே துருப்பிடிக்காத எஃகில் செய்யும் நிறுவனங்கள் உண்டு. விலையும் அதற்கேற்ப ஏறும். எதை வாங்கினாலும் மரையை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் மரை இறுகாமல் இருப்பதற்கான கிரீஸ் தடவி, சில மாதங்களுக்கு ஒருமுறை வளையத்தைத் திருகிப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவருக்குக் கடலோரத்தில் காயில்ஓவர் வேண்டாம்.

அப்படியானால் காயில்ஓவர் யாருக்கு?

ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு. தமிழ்நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா ரேஸ் கார் உருவாக்கிய கரிவர்தனின் நினைவாக வைத்த பெயர் அது. 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் அந்த ஃபார்முலா மாருதி காரைத்தான்.

டிராக்கில் பள்ளம் இல்லை, வேகத்தடை இல்லை, பின் சீட்டில் அம்மா இல்லை. ஓட்டுபவர் ஒருவரின் எடைக்கு உயரத்தையும் விறைப்பையும் அளந்து வைப்பார்கள். அடுத்த ஓட்டத்துக்கு மாற்றுவார்கள். காயில்ஓவருக்குக் கொடுத்த காசு அங்கேதான் திரும்பக் கிடைக்கும். அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கும் மீமிசல் சந்தைக்கும் போய்வரும் காரில், பெரும்பாலும் ஒருமுறை வைத்த உயரம்தான் கடைசிவரை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை உறுதியாக வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று சேர்த்தார்கள்.

எனவே ஸ்பிரிங் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்து இழப்பீடு கேட்கும்போது பிரச்னையாகலாம். 'கடைக்காரர் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னார்' என்பது அங்கே எடுபடாது.

காசை எந்த வரிசையில் செலவழிக்கலாம்?

முதலில் டயர். காருக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் ஒரே உறவு அதுதான். கம்பெனி சொன்ன அளவில் நல்ல டயர் போட்டால் பிரேக்கும் வளைவும் ஒரே நாளில் மாறும்.

இரண்டாவது, களைத்துப்போன ஷாக் அப்சார்பரையும் வெடித்த ரப்பர் புஷ்களையும் மாற்றுவது. நாலைந்து வருஷம் ஓடிய காரில் 'வண்டி அலையுது' என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். புதிதாக வாங்கியபோது இருந்த பிடிப்பு திரும்பிவிட்டால், தாழ்த்தும் ஆசையே பாதி தணிந்துவிடும்.

அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை, சட்டச் சிக்கலும் இல்லை என்றால், இந்தச் சாலைக்கு ஸ்பிரிங்தான் பொருத்தம். அதுவும் 2 சென்டிமீட்டருக்கு மேல் இறக்காத, அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங். நல்ல ஷாக் அப்சார்பரோடு மட்டுமே போட வேண்டும். கம்பெனி ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுக்கும் வேலைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவே கூடாது. வெட்டிய ஸ்பிரிங் அதன் இருக்கையில் சரியாக உட்காராது. பள்ளத்தில் நழுவினால் உயிருக்கே ஆபத்து.

ஸ்பிரிங் மாற்றியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். தாழ்ந்த காரில் சக்கரத்தின் கோணம் மாறும். கவனிக்காவிட்டால் டயர் உள்பக்கமாகத் தேயும். ஹெட்லைட் வெளிச்சத்தின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும்.

காசு கொடுக்கும் முன், வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் எல்லோரையும் காரில் உட்காரவையுங்கள். ஊருக்குப் போகும்போது ஏற்றும் பையெல்லாம் டிக்கியில் இருக்கட்டும். கார் வயிற்றின் தாழ்வான இடத்துக்கும் தரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேலால் அளங்கள். அடுத்து தெருமுனை வேகத்தடையின் உயரத்தை அளங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். சக்கரம் இறங்கும்போது கார் அமுங்குவதற்கும் அதில் இடம் வேண்டும். அது போக மிஞ்சுவதுதான் நீங்கள் தாழ்த்த முடிந்த அளவு.

பல வீடுகளில் அந்த மிச்சம் ஒரு விரல் அகலம்கூட வராது. வந்தது என்ன எண் என்பதை மகனும் தந்தையும் சேர்ந்தே பார்க்கட்டும். வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். அம்மாவின் இடுப்பும் தப்பிக்கும்.