புல்லோடு எந்தப் பயறு?

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் எங்கள் மாவட்டத்தின் மழைக்கணக்கு புரியும். மேற்கே குலசேகரத்தில் மழை கொட்டும். இங்கே வெறும் காற்று வந்து காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். இந்தப் பக்கத்தில் மாடும் ஆடும் வளர்க்கிற எனக்கு, மேய்ச்சலுக்குப் புல் விதையை மட்டும் தூவுவதில் நம்பிக்கை இல்லை. கொழுக்கட்டைப்புல் வறட்சியைத் தாங்கும், உண்மைதான். ஆனால் முற்ற முற்றப் புல்லில் சத்து குறைந்துவிடும். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நாலு தேறினால் பெரிது. பயறுவகைத் தீவனத்தில் 15க்கு மேல் இருக்கும். அதன் வேர்முடிச்சு காற்றிலிருந்து பிடித்து வைக்கும் தழைச்சத்தில் பக்கத்துப் புல்லும் தழைக்கும்.

சரி, எந்தப் பயறு? பலரும் முதலில் கேட்பது குதிரைமசால். அருமையான தீவனம்தான், ஆனால் அதற்குப் பாசனமும் புளிப்பில்லாத மண்ணும் வேண்டும். மானாவாரிக்கு என் தேர்வு முயல்மசால். 450 மி.மீ. மழையிலும் பிழைத்துக்கொள்ளும். சரளையிலும் வரும், கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் புளிப்பிலும் வரும். தென்னை, ரப்பர் நிழலில் மட்டும் தேறாது. வேலிமசால் ஆணிவேரை ஆழமாக இறக்கிக் கோடையைக் கடத்திவிடும்; ஆடுகளுக்கு அதில் அத்தனை விருப்பம். ஆனால் புளிப்பு மண் அதற்கு ஆகாது. சங்குபுஷ்பக் கொடியை மாடு தேடித் தின்னும். ஓய்வு கொடுக்காமல் மேயவிட்டால் கொடி மிஞ்சாது.

ரப்பர் தோட்டங்களில் மண்மூடியாகப் படரும் முகூனா கொடி வறட்சியிலும் நிழலிலும் பசேலென்று நிற்கும். மாடு அதில் வாய் வைக்காது. ஆகவே வறட்சி தாங்குமா என்று மட்டும் கேட்டு விதை வாங்கக் கூடாது.

ஒரே இனத்தை நம்பியும் இருக்கக் கூடாது. வட ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்ற முயல்மசால் இனத்தைப் பெரும்பரப்பில் வளர்த்தார்கள். 1970களில் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை நோய் வந்து அதை அழித்தது. நோயைத் தாங்கும் வேறு முயல்மசால் இனங்களைக் கொண்டுவந்துதான் அந்த நிலங்களை மீட்டார்கள். முயல்மசாலோடு, மண் ஒத்துவந்தால், வேலிமசாலையோ சங்குபுஷ்பத்தையோ சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

மூன்று பங்கு கொழுக்கட்டைப்புல்லுக்கு ஒரு பங்கு பயறு என்பது நல்ல கணக்கு. மசால் விதைகளின் தோல் கடினமானது. 80 டிகிரி சூட்டு வெந்நீரில் நாலைந்து நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் சீராக முளைக்கும். விதைத்தபின் மேலாக மண் மூடினால் போதும். முதல் வருடம் மாட்டை உள்ளே விடாமல், பூத்து விதை உதிர விடுங்கள். முயல்மசால் அந்த விதையிலிருந்து தானே பெருகும்.

கிழக்குப் பக்கத்துக்காரர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் விதைக்கலாம். அதற்கும் முன்னால் மண்ணைப் பரிசோதனை செய்துவிடுங்கள். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புளிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு விதை வாங்குங்கள்.