உலர்ந்தாலும் சாகாத செடி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறும் மாணவர்கள், ஐப்பசி மழைக்குப் பின் பாதையோரப் பாறைகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பச்சை வெல்வெட் துணியைப் போர்த்தியதுபோல் இருக்கும். அதே பாறையைச் சித்திரையில் பார்த்தால் பழுப்பேறிய பொருக்குதான் தெரியும். செடி செத்துவிட்டதா? இல்லை, உறங்குகிறது.

நம் ஊர்களில் இதைப் பாசி என்றே சொல்கிறோம். குளத்தில் மிதப்பதும் நமக்குப் பாசிதான். ஆனால் குளத்துப் பாசி ஆல்கா வகை. பாறையில் இருப்பது சிறு தண்டும் இலைகளும் கொண்ட மாஸ். ஓடைக்கரை ஈரமண்ணில் தட்டையாகப் படரும் ரிக்ஸியா போன்றவை இதன் உறவான லிவர்வொர்ட்டுகள். சிலவற்றின் உருவம் ஈரலின் மடலைப் போன்றிருப்பதால் வந்த பெயர் அது. உலகில் மாஸ் ஏறத்தாழ 12,000 இனங்களும், லிவர்வொர்ட் 7,000 இனங்களும் உள்ளன.

மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. அடியிலுள்ள மெல்லிய இழைகள் பற்றிக்கொள்ளவே முக்கியமாகப் பயன்படுகின்றன. அப்படியானால் நீரை எப்படிக் குடிக்கிறது? உடல் முழுவதாலும்! பெரும்பாலான மாஸ்களின் இலை ஒரே செல் அடுக்கால் ஆனது. எனவே மழைநீர் நேரே செல்லுக்குள் புகும். வெயில் வந்தால் அதே வேகத்தில் வெளியேறும். நெல்லோ கம்போ இப்படிக் காய்ந்தால் மடிந்துவிடும். மாஸ் பல இனங்களில் செல்லின் வேலைகளை நிறுத்திவைத்து, அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து காய்ந்த மாஸ் ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு சொட்டு நீர் விட்டு, கைலென்ஸால் பாருங்கள். முறுக்கிக் கிடந்த இலைகள் சில நிமிடங்களில் விரியும்.

இனப்பெருக்கத்துக்கும் நீர் வேண்டும். ஆண் பாலணு இரண்டு கசையிழைகளை அசைத்து, ஈரப்படலத்தில் நீந்தியே முட்டையை அடைகிறது. அதன்பின் மெல்லிய காம்பின் நுனியில் சிறு குடுவை தோன்றி ஸ்போர்களைத் தூவும்.

வெறும் பாறையில் மண் சேர்வதற்கு மாஸ் துணைசெய்கிறது. காற்றில் வரும் தூசியும் உதிர்ந்த சருகும் இதில் சிக்கி மக்குகின்றன. அதில் பெரணியும் புல்லும் முளைக்கின்றன. மழைத்துளி நேரே மண்ணை அடித்துச் செல்லாமலும் இது காக்கும். கோமுகி ஆறு பிறக்கும் இம்மலையில் நீரைப் பிடித்துவைப்பதில் பெரும்பங்கு மரங்களுக்கும் மண்ணுக்குமே. மாஸ் சிறு கூட்டாளி எனலாம். ஆனால் நிழல்மரம் போனால் நிழலுக்குப் பழகிய மாஸும் போகும். அருவிப் பாறையில் பெயர் கீறுபவர் ஒரு நிமிடத்தில் சுரண்டியது மீண்டும் மூடப் பல ஆண்டுகள் ஆகலாம்.

பழனி மலையின் மாஸ்களைச் செண்பகனூரில் இருந்த ஃபோரோ பாதிரியார் சேகரித்தார். அவருடைய பட்டியல் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியாயிற்று. உங்கள் மலையிலும் இப்பணியைத் தொடங்கலாம். நகமளவு போதும், நிழலில் உலர்த்தி, காகித உறையிலிட்டு, இடமும் தேதியும் எழுதுங்கள். பல ஆண்டு கழித்து நனைத்தாலும், உயிரற்ற அந்த இலைகள் நுண்ணோக்கியின்கீழ் பழையபடி விரிந்து நிற்கும்.